யாரைக் காப்பதற்காக இந்த மறுப்பு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன். வாதத்தில் கை வைக்கவில்லை.)



ரத்த வங்கியில் வேலை பார்த்தவனை மேடையேற்றினால் ‘எல்லோரும் ரத்தம் கொடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டு இறங்குவான் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அதைச் சொல்ல உங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரே போதும். நான் பேச வந்திருப்பது வேறொரு கூட்டத்தைப் பற்றி. கொடுக்க வேண்டும் என்று மனசு வைத்து, பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, படிவம் எழுதி, கடைசியில் ‘உங்களிடம் எடுக்க முடியாது’ என்ற சொல்லோடு திரும்பிப் போனவர்களைப் பற்றி.

அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் ஒன்றுதான்: ‘என் ரத்தம் சரியில்லை.’ ஆனால் விதிகளை எடுத்துப் படித்தால் வேறு சங்கதி தெரியும். ஒவ்வொரு மறுப்பும் யாரோ ஒருவரைக் காப்பதற்காகச் செய்யப்படுவது. சில நேரம் அந்த ஒருவர் வார்டில் படுத்திருக்கும் நோயாளி. பல நேரம் கொடுக்க வந்தவரேதான். யாரைக் காப்பதற்காக அனுப்புகிறோம் என்பதைச் சொல்லாமல் அனுப்புகிறோமே, அதனால்தான் அந்த ஆட்களை இழக்கிறோம். விதிகளால் இழப்பதைவிட இப்படி இழப்பது அதிகம் என்பது என் துணிபு. இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன். ஐந்தும் ஒரே அளவில் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. கொடுப்பவரைக் காக்கும் விதிகள்

முதலில் ஒரு பழைய கதை. ஒரு காலத்தில் நம் ஊர் ரத்த வங்கிகளில் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. காசுக்கு ரத்தம் விற்றவர்கள் வாசலிலேயே காத்திருப்பார்கள். வெளுத்த கண்ணிமையும் கை முழுக்க ஊசித் தழும்புமாக வந்தவரிடமும் எடுத்தார்கள். ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் தேசிய ரத்தமாற்று மன்றம் உருவானது; 1998 ஜனவரி 1 முதல் ரத்த விற்பனைக்குத் தடை வந்தது. இன்று உங்களைத் திருப்பி அனுப்ப ஒரு டாக்டருக்கு அதிகாரம் இருக்கிறது என்றால், அன்று யாரையும் அனுப்பாமல் உறிஞ்சியதுதான் அதற்குக் காரணம்.

இன்று நடப்பிலிருப்பது அந்த மன்றம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வயது 18 முதல் 65 வரை. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது. இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் வரக் கூடாது. நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவர் அடுத்த முறை ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு உள்ளாகக் கொடுக்கக் கூடாது. இந்தப் பட்டியலில் நோயாளியின் பெயர் எங்கேயாவது வருகிறதா? எல்லாமே கொடுக்க வந்தவர் மயங்கி விழாமல் இருக்க, அவர் உடம்பின் இரும்புச்சத்து வற்றாமல் இருக்க எழுதியவை.

எடையை எடுத்துக்கொள்வோம். 43 கிலோ எடையுள்ள மாணவி கெஞ்சுவாள்: “சார், கொஞ்சமா எடுத்துக்கோங்க சார்.” நியாயமான வேண்டுகோள்தான். ஆனால் முடியாது. 350 மில்லி பையில் ரத்தம் உறையாமலிருக்க 49 மில்லி மருந்துக் கரைசலை முன்கூட்டியே ஊற்றி வைத்திருக்கிறார்கள். பாதி ரத்தம் எடுத்தால் மருந்தின் விகிதம் எகிறிவிடும். அந்தப் பை குப்பைக்குத்தான் போகும். சரி, முழுதாக எடுக்கலாம் என்றால், ஓர் உடம்பிலிருந்து ஒரே நேரத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 8 மில்லிதான் எடுக்கலாம். 45 கிலோவுக்கு 350 மில்லி, 55 கிலோவுக்கு 450 மில்லி என்ற கணக்கு அப்படி வந்ததுதான். பையையும் மருந்தையும் காட்டி இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். நாம் சொல்வதோ, “வெயிட் இல்லம்மா, அடுத்த ஆள்!”

வெறும் வயிற்று விஷயமும் இப்படித்தான். சர்க்கரைப் பரிசோதனைக்குப் பழகிய ஜனங்கள், ரத்தம் என்றாலே சாப்பிடாமல் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு காலை டிபனைத் தியாகம் செய்துவிட்டு வருவார்கள். அந்தத் தியாகத்துக்காகவே அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

இனி ஹீமோகுளோபின். முகாம்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறக் கரைசல் இருக்கும். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், ஒப்படர்த்தி 1.053. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை மேலிருந்து விடுவார்கள். 15 விநாடிக்குள் சொட்டு மூழ்கினால் 12.5 இருக்கிறது, மிதந்தாலோ தயங்கினாலோ இல்லை. மலிவான, நம்பகமான, அழகான பரிசோதனை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: ஆம், இல்லை என்று இரண்டு பதில்தான் சொல்லும்; எண் சொல்லாது. மிதந்த சொட்டு 12.3 ஆகவும் இருக்கலாம், 7.8 ஆகவும் இருக்கலாம். முன்னவருக்குக் கீரையும் சில வார மாத்திரையும் போதும். பின்னவர் நேரே டாக்டரிடம் போக வேண்டியவர். இருவருக்கும் நாம் சொல்லும் வாசகம் ஒன்றே: “ரத்தம் கம்மியா இருக்கு, போயிட்டு வாங்க.”

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. பெண்கள் கல்லூரி முகாமில் மிதக்கும் சொட்டுகளைக் கண்டு யாரும் ஆச்சரியப்படக் கூடாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழேயும், ஆணுக்கு 13க்குக் கீழேயும் போனால்தான் ரத்தசோகை. நம் விதியில் இருவருக்கும் ஒரே கோடு, 12.5. ஆக, 12.2 உள்ள பெண் நோயாளியே அல்ல, ஆனாலும் அவளைத் திருப்பி அனுப்புகிறோம். 12.7 உள்ள ஆண் அந்த அளவுகோலில் ரத்தசோகைக்காரர். அவரைப் படுக்க வைத்து எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஆணுக்கு 13.0, பெண்ணுக்கு 12.5. பிரிட்டனில் ஆணுக்கு 13.5, பெண்ணுக்கு 12.5. பெண்ணுக்கான கோட்டைத் தாழ்த்துங்கள் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாயில் இரும்பை இழக்கும் உடம்பிலிருந்து மேலும் இரும்பை ஒரே மூச்சில் எடுப்பது விளையாட்டல்ல. ஆண்களுக்கான கோட்டைத்தான் மறுபடி யோசிக்க வேண்டும். 12.2 உள்ள பெண்ணிடம் ‘உனக்கு நோயில்லை, உன் இரும்பை உனக்கே விட்டு வைக்கிறோம்’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

2. பெறுபவரைக் காக்கும் விதிகள்

எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தையும் பரிசோதிப்பது கட்டாயம். ‘அதான் டெஸ்ட் பண்றீங்களே, அப்புறம் எதுக்குக் கேள்வி?’ என்று படித்தவர்களே கேட்பார்கள். கிருமி உள்ளே நுழைந்த நாளுக்கும் பரிசோதனையில் அகப்படும் நாளுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையில் ஹெச்.ஐ.வி. தெரியச் சில வாரங்கள் ஆகலாம். வைரஸின் மரபணுவையே தேடும் ‘நாட்’ பரிசோதனை அதைச் சில நாட்களாகச் சுருக்குகிறது, பூஜ்யமாக்குவதில்லை. நம் நாட்டில் அது கட்டாயமும் அல்ல. அந்த இடைவெளியை அடைக்க நம்மிடம் உள்ள ஒரே கருவி, கொடுக்க வந்தவர் சொல்லும் உண்மை.

பச்சை குத்திக்கொண்டவர், மூக்கு குத்திக்கொண்டவர் 12 மாதம் பொறுக்க வேண்டும், காரணம் ஊசி. மலேரியா வந்தவர் 3 மாதம், டெங்கு வந்தவர் குணமாகி 6 மாதம். மஞ்சள் காமாலை கொஞ்சம் வித்தியாசமானது. ஏ அல்லது இ வகை என்று தெரிந்தால் 12 மாதம் போதும். பி, சி என்றால் எப்போதும் கூடாது. எந்த வகை என்றே தெரியாவிட்டாலும் எப்போதும் கூடாது. நம் ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்து, பத்தியம் வைத்து, குணமானதும் மறந்துவிடுகிறோம். எந்த வைரஸ் என்று யாரும் பார்ப்பதில்லை. கெட்ட தண்ணீரால் வந்து போன சாதாரண காமாலையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பரிசோதனைச் சீட்டு இல்லாததால் வாழ்நாள் முழுக்கத் தடை.

நேர்மாறான நம்பிக்கைகளும் உண்டு. சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் கொடுக்கவே கூடாது என்று நினைக்கிறார்கள். மருந்தின் அளவு கடந்த 4 வாரத்தில் மாறாமல், உடம்பும் நன்றாக இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுகிறவர்தான் கூடாது.

எல்லோரையும் திகைக்க வைப்பது உறவினர் விஷயம். “என் பிள்ளைக்கு என் ரத்தத்தையே எடுங்க” என்று தகப்பன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வருவார். அவரை ஒதுக்கினால் அவமானப்படுத்தியதாக எண்ணுவார். நெருங்கிய ரத்த உறவில் திசு அமைப்பு ஒத்திருக்கும். கொடுத்தவரின் வெள்ளணுக்களை வாங்கியவரின் உடம்பு அந்நியர் என்று அடையாளம் காணாமல் விட்டுவிட, அந்த வெள்ளணுக்கள் உள்ளே பெருகி வாங்கியவரின் தோலையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். அரிதாக நடப்பது, நடந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தம் என்றால் அந்தப் பயம் இல்லை. அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. அதேபோல், இனிமேல் பிள்ளை பெற இருக்கும் மனைவிக்குக் கணவன் ரத்தம் உகந்ததல்ல. அவன் அணுக்களுக்கு எதிராக அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள், பின்னால் வரும் கர்ப்பத்தில் குழந்தையைத் தாக்கலாம். சினிமாவில் அண்ணனையும் தங்கையையும் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்து ரப்பர் குழாயை இழுத்துவிட்ட டைரக்டர்களுக்கு நாங்கள் பட்ட கடன் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தப் பகுதியில் ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். ‘ரெண்டு யூனிட்டுக்கு ஆள் கொண்டாங்க’ என்று நோயாளியின் வீட்டாரை விரட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. மச்சானுக்கு ஆபரேஷன், மாமனார் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். அந்த நிலையில் ஓர் இளைஞன், போன மாதம் எங்கே போனான், யாரோடு இருந்தான் என்பதைப் படிவத்தில் உண்மையாக எழுதுவானா? மறுக்கப்பட்டு வெளியே வந்தாலே ‘ஏன்?’ என்ற கேள்வி காத்திருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்து அவன் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடிக்கிறான். பாதுகாப்புக்கு என்று வைத்த கேள்வித்தாள் அந்த இடத்திலேயே செத்துப்போகிறது. இலங்கையின் தேசிய ரத்தமாற்றுச் சேவை 2014இல் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களை மட்டுமே கொண்டு இயங்கும் நிலையை எட்டியது. பக்கத்து நாட்டில் முடிந்தது இங்கே முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

3. ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கும் விதி

அதே 2017 வழிகாட்டுதலின் 12ஆவது, 51ஆவது பிரிவுகள் திருநங்கையர், திருநம்பிகள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் ஆகியோரை வாழ்நாள் முழுக்கத் தடுக்கின்றன. மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கை செயற்பாட்டாளர் தங்ஜம் சாந்தா சிங் 2021இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். இந்தப் பிரிவினரிடம் நோய்ப் பரவல் அதிகம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு என்று ஒன்றிய அரசு 2023இல் பதில் சொன்னது.

புள்ளிவிவரம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரியைக் கொண்டு எதிரே நிற்கும் ஒருவரைத் தீர்ப்பது, பரிசோதனைகள் இல்லாத காலத்துப் பழக்கம். அமெரிக்காவின் தடை 1985லிருந்து வந்தது. 2023இல் அதைக் கைவிட்டு, எல்லோரிடமும் ஒரே கேள்வி என்ற முறைக்கு வந்தார்கள். பிரிட்டன் 2021லேயே மாறிவிட்டது. கடந்த 3 மாதத்தில் புதிய துணை உண்டா, ஒருவருக்கு மேற்பட்டவரோடு உறவு உண்டா என்று ஆண், பெண், திருநர் எல்லோரையும் கேட்கிறார்கள். நாட்டிலேயே முதன்முதலாக 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலத்தில் நின்று பேசுகிறேன். ஒரே துணையோடு வாழும் திருநங்கைக்கு வாழ்நாள் தடை. நான்கு பேரோடு பழகும் மணமான ஆண் பொய் சொன்னால் உடனே அனுமதி. இந்த மறுப்பு நோயாளியைக் காக்கிறது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

4. இருப்பைக் காக்கும் மறுப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். முழு ரத்தம் 35 நாள் தாங்கும். தட்டணுக்கள் 5 நாள்தான். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் மலைபோல் சேர்ந்தால் அடுத்த மாதம் அதில் ஒரு பகுதி காலாவதியாகும். கல்லூரிகளுக்கு விடுமுறை விட்ட மே மாதத்தில் அதே ரத்த வங்கி போன் போட்டு ஆள் தேடும். எனவே ‘உங்கள் குரூப் இப்போது போதுமான அளவு இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறோம்’ என்ற பதில் வந்தால் கோபப்படாதீர்கள். 1952இல் பென்டே என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் மும்பையில் கண்டுபிடித்த பம்பாய் வகை போன்ற அரிய ரத்தம் உள்ளவர்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவதே பெரிய கொடை. அவர்கள் ரத்தத்தைப் பத்திரமாக வைக்க அவர்கள் உடம்பைவிட நல்ல ஃபிரிட்ஜ் கிடையாது.

முகாம் நடத்துபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஃபிளெக்ஸில் ‘500 யூனிட்’ என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டு, எண்ணிக்கை குறைகிறதே என்று டாக்டரின் காதில் வந்து முணுமுணுக்காதீர்கள். பத்துப் பையன்களின் படிவத்தை ஒரே பையன் உட்கார்ந்து நிரப்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே கையெழுத்து, பத்து உடம்பு.

5. சொல்லாமல் அனுப்புவதன் விலை

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது சென்னையில், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அதே தமிழ்நாட்டில் 32 ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளிவந்தது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர் 2016இலேயே ஒரு முகாமில் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்து அந்தப் பையை அழித்துவிட்டார்கள். செய்தி மட்டும் அவரைப் போய்ச் சேரவில்லை. இரண்டு வருடம் கழித்து உறவினர் ஒருவருக்காக மறுபடி கை நீட்டினார். அந்த யூனிட் பரிசோதனையைத் தாண்டிப் போய்விட்டது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், தாமாகவே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னவர் அவர்தான். அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பரிசோதனைக் கோளாறு பற்றி நிறையப் பேசினோம். 2016இல் சொல்லப்படாத அந்த ஒரு செய்தி பற்றிக் குறைவாகவே பேசினோம். சொல்லியிருந்தால் அவருக்கு நம்பிக்கை மையம் (அரசின் ஹெச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வழியாக ஆலோசனையும் இலவச மருந்தும் கிடைத்திருக்கும். அந்தத் தாய்க்கும் தொற்று வந்திருக்காது. நம் வழிகாட்டுதலின் தலைப்பிலேயே கொடையாளரைத் தேர்ந்தெடுப்பது என்பதோடு, அவரை உரிய சிகிச்சைக்கு அனுப்பிவைப்பது என்பதும் சேர்ந்தே இருக்கிறது. முதல் பாதியைப் பிசகாமல் செய்கிறோம். இரண்டாம் பாதிக்கு முகாமில் ஒரு நாற்காலிகூட இல்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் சிறியவை. கேள்வி கேட்கும் மேசை, நண்பர்கள் காதில் விழாத தூரத்தில், ஒரு திரைக்குப் பின்னால் இருக்கட்டும். சொட்டு மிதந்த ஒவ்வொருவருக்கும் ஹீமோகுளோபினைக் கருவியில் இன்னொரு முறை பார்த்து எண்ணை எழுதிக் கொடுங்கள். திரும்பிப் போகிறவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும்: காரணம், அந்தக் காரணம் யார் நலனுக்காக, மறுபடி எந்தத் தேதிக்குப் பிறகு வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரை, பிஸ்கட்டும் ஜூஸும் வைக்கும் அதே மேசையில் இருக்கட்டும். ரகசியமான காரணம் என்றால் சீட்டில் எழுதாமல் தனியே சொல்லி, நம்பிக்கை மையத்துக்கு உடன் ஆள் அனுப்புங்கள்.

அடுத்த வாரம் இந்த வளாகத்தில் முகாம் இருப்பதாகக் கல்லூரி முதல்வர் சொன்னார். வழக்கமான அறிக்கையில் ‘சேகரித்த யூனிட்’ என்று ஒரு வரிதான் இருக்கும். அதன் கீழே இன்னொரு வரி சேருங்கள்: எத்தனை பேர் திரும்பினார்கள், என்னென்ன காரணத்துக்காக, அவர்களில் எத்தனை பேர் கையில் சீட்டும் மாத்திரையும் இருந்தன என்று. அந்த வரியை எனக்கு அனுப்பிவைத்தால், ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று நாம் சேர்ந்து பார்க்கலாம். மாணவர்களே, அன்று காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.